கண்ணாடிக்கு முன்னால் தரைக்கடை: திருச்சிக் கடைவீதி ஒன்றின் தீபாவளி அலங்காரம்

பின்னணி

திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்துக் கடைவீதி ஒன்றில், 2023 தீபாவளிக்காக 6 சிறு கடைகள் சேர்ந்து தங்கள் முகப்பை அலங்கரித்தன. கடிகாரக் கடை, பாத்திரக் கடை, நாட்டு மருந்துக் கடை, சேலைக் கடை, கைலியும் பனியனும் ரெடிமேடும் விற்கும் பாய் கடை, வளையல் பொட்டு விற்கும் ஃபேன்சி ஸ்டோர். காட்சி அமைக்கும் வேலைக்காக நானும் அவர்களோடு இருந்தேன். தெருவின் பெயரும் கடைகளின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் அவை இங்கே இல்லை.

தீபாவளி நெருங்கினால் முசிறி, துறையூர், லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஜனங்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட், தெப்பக்குளம் என்று நடந்தே இந்தப் பகுதி முழுவதையும் சுற்றுவார்கள். போலீஸ் கண்காணிப்புக் கோபுரம் நட்டு, கேமரா பொருத்தி, வண்டிகளைத் திருப்பிவிடும் அளவுக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு, பல மாடி ஜவுளிக் கடைகளுக்குள் போய்விடுகிறது. அங்கே ஆளுயரக் கண்ணாடி, வரிசையாகப் பொம்மைகள், கண்ணைப் பறிக்கும் விளக்கு. நம் 6 கடைகளில் 4 கடைகளுக்கு ஷட்டர் ஓரத்தில் சிறிய கண்ணாடி ஷோகேஸ் ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடைக்கும் பாய் கடைக்கும் அதுவும் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் நேரே கல்லாதான்.

அதுவரை தீபாவளி அலங்காரம் என்றால் சன்ஷேடிலிருந்து சுடிதார்களைத் தொங்கவிடுவது, சீரியல் செட் சுற்றுவது, தள்ளுபடி என்று ஒரு ஃபிளக்ஸ் கட்டுவது. அவ்வளவுதான். "ஜனங்க நம்ம கடையைப் பாக்காமலே தாண்டிப் போறாங்க" என்பது எல்லோரிடமும் இருந்த வருத்தம். காரணமும் அவர்களே வைத்திருந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் தரைக்கடைகள் மறைக்கின்றன. மாநகராட்சியில் மனு கொடுத்துத் தீபாவளி முடியும்வரை அவர்களைத் தள்ளி உட்கார வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார்கள். முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் கருத்து இதுதான்.

கவனித்தவை

மனு எழுதும் முன், காலை, மதியம், மாலை, இரவு என வெவ்வேறு நேரங்களில் எதிர்ச் சாரியில் நின்று தெருவைப் பார்ப்போம் என்று முடிவானது. சேலைக் கடை முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வந்து நின்றார்.

முதலில் தெரிந்தது, பகலில் கண்ணாடிக்குள் எதுவுமே தெரியவில்லை என்பது. மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை எதிர்க்கட்டடமும் வானமும்தான் கண்ணாடியில் விழுந்தன. வெளியே இருக்கும் வெளிச்சம் உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால் கண்ணாடி இப்படித்தான் நிலைக்கண்ணாடி ஆகிவிடும். சேலைக் கடை ஷோகேஸின் பின்பக்கம் கருநீல வெல்வெட் ஒட்டியிருந்தது. இருண்ட பின்னணியில் பிரதிபலிப்பு இன்னும் தெளிவாக விழும். அந்தப் பக்கம் போன பெண்கள் கண்ணாடியைப் பார்த்தது உண்மை. பார்த்துக் கூந்தலைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

இரண்டாவது, நடப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது. தெரு நடுவில் யாரும் நிற்பதில்லை. பைக் வரும், தள்ளுவண்டி வரும், கையில் குழந்தை இருக்கும். கண் தரையில்தான் இருக்கிறது. அவர்கள் நின்ற இடமெல்லாம் தரைக்கடை. குழந்தைக்கு சாக்ஸ், கைக்குட்டை, கிளிப், ஜடை மாட்டி. ஒருவர் குனிந்து பொறுக்குவார், பேரம் பேசுவார். கூட வந்தவர் பைகளை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பவர்தான் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அவர் கண் போகும் இடம் நேரே பின்னால் இருக்கும் கடை முகப்பு.

இந்த வேலையில் நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான். சிறு கடையின் முகப்பைப் பார்க்க நேரமும் மனசும் உள்ள ஆள், தரைக்கடையில் பேரம் பேசுபவரின் துணைக்கு வந்தவர். தரைக்கடை போனால் அவரும் நிற்கமாட்டார்.

ஆனால் மறைப்பு என்று சொன்னதும் பொய்யில்லை. தரையில் பரப்பிய சரக்கோ, உட்கார்ந்திருப்பவர்களோ மறைக்கவில்லை. உட்கார்ந்த ஆளின் தலை 3 அடிக்கு மேல் வருவதில்லை. மறைத்தவை குடைகள். நட்டுவைத்த பெரிய குடைகளின் விளிம்பு, நிற்பவர் கண் மட்டத்துக்குச் சரியாக வந்து நின்றது.

இன்னொன்று சேலைக் கடைக்குள் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார்கள். கடைக்குள் இருந்தது நீலம் பாய்ந்த மலிவு எல்.இ.டி. டியூப். அதில் அரக்கு கறுத்துப்போகும், மாம்பழ மஞ்சள் வெளுத்துப்போகும். உள்ளே இருக்கும் விளக்கை நம்பாத ஜனங்கள், அதே விளக்கு எரியும் ஷோகேஸைப் பார்த்து எப்படி உள்ளே வருவார்கள்?

தரைக்கடைகள் பற்றிய முடிவு

இரண்டாவது கூட்டத்தில் இதுதான் அதிக நேரம் எடுத்தது. "வருஷம் பூரா உக்காரட்டும், இந்த ரெண்டு வாரம் மட்டும் தள்ளி உக்காந்தா என்ன?" என்றார் சேலைக் கடைக்காரர். நாட்டு மருந்துக் கடைப் பெரியவர் அதற்குச் சொன்ன பதில்: "தம்பி, உனக்குக் கல்யாண சீசன் இருக்கு, ஆடி இருக்கு. அந்த அம்மாவுக்கு இந்த ரெண்டு வாரம்தான் தீபாவளி."

சட்டப்படியும் அது எளிதில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. இடம் மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒரு மனுவைக் கொடுத்துப் பண்டிகைக்கு மட்டும் ஒதுக்கிவைக்க அதில் வழி இல்லை. இதை எடுத்துச் சொன்னபோது கூட்டம் அமைதியானது. ஆனால் மனதை மாற்றியது சட்டம் என்று நான் நினைக்கவில்லை. எதிர்ச் சாரியில் நின்று கண்ணால் பார்த்தது மாற்றியது.

முடிவு இப்படி: தரைக்கடைகள் அதே இடத்தில் இருக்கும். குடைகள் மட்டும் போகும். அதற்குப் பதில், கடைகளின் சன்ஷேடிலிருந்து முன்பக்கம் நட்ட இரும்புக் குழாய்கள் வரை, ஏழரை அடி உயரத்தில், 6 கடைகளுக்கும் சேர்த்து ஒரே தார்ப்பாய்ப் பந்தல். செலவு கடைகளுடையது. குழாய்கள் தரைக்கடைகளின் உள்ளே நிற்கும். நடைவழியில் ஒரு அங்குலம்கூட நீட்டக் கூடாது. காட்சிப் பொருள் எதுவும் 3 அடிக்குக் கீழே வைக்கப்படாது, ஏனென்றால் அந்த உயரம் தரைக்கடைக்காரர்களுடையது.

பந்தல் கட்டிய அன்றைக்கு மதியமே எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் ஒன்று தெரிந்தது. தார்ப்பாய் வானத்தை மறைத்ததால் கண்ணாடியில் விழுந்த பிரதிபலிப்பு பெருமளவு போய்விட்டது. உள்ளே இருந்த சேலைகள் பட்டப்பகலில் தெரிந்தன. கண்ணாடிக்குத் தனியாக ஃபிலிம் ஒட்டலாம் என்று விலை விசாரித்து வைத்திருந்தோம், அது தேவைப்படவில்லை. தரைக்கடைக்காகக் கட்டிய நிழல்தான் கண்ணாடியைத் திறந்துவிட்டது.

ஒரு சிக்கலும் வந்தது. முதலில் கட்டியது நீலத் தார்ப்பாய். அதன் வழியே வந்த வெளிச்சம் எல்லாவற்றையும் நீலமாக்கியது. மஞ்சள் சேலை பச்சையடித்தது. மறுநாளே வெள்ளைத் தார்ப்பாய்க்கு மாற்றினோம். பழைய நீலத்தைத் தரைக்கடைக்காரர்கள் தங்கள் சரக்கு மூட்டைகளை மூட எடுத்துக்கொண்டார்கள்.

ஒரே கரு

பெரிய கடைகளைப் போலப் பொம்மை வைத்துப் போட்டியிட முடியாது, வேண்டியதும் இல்லை. இந்த 6 கடைகளில் இருக்கும் சரக்கைச் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு வீட்டின் தீபாவளி விடியற்காலை. அதையே கருவாக எடுத்துக்கொண்டோம். தெருவின் ஒரு முனையிலிருந்து நடந்தால் வரிசையாக அந்த விடியற்காலை நடக்க வேண்டும்.

கடிகாரக் கடையில் எல்லாக் கடிகாரமும் 4 மணி காட்டின. காட்சிக்கு வைக்கும் கடிகாரத்தில் 10 மணி 10 நிமிடம் வைப்பது உலகம் முழுக்க வழக்கம் என்பதால் கடைக்காரர் முதலில் தயங்கினார். அடுத்துப் பாத்திரக் கடையில் வெந்நீர்த் தவலை, செம்பு, மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணம், சீயக்காய். சேலைக் கடையில் ஒரு மனைப்பலகை, அதன்மேல் மூலையில் மஞ்சள் வைத்த புதுத்துணி. ஒரே ஒரு சேலை, ஒரு வேட்டி, ஒரு பாவாடை சட்டை. பத்துச் சேலை வைக்காமல் ஒன்றை வைப்பதா என்று கேட்டவர், விளக்கை மாற்றிய பிறகு சம்மதித்தார். நிறத்தை உள்ளபடி காட்டும், சற்று மஞ்சள் சாய்ந்த எல்.இ.டி. விளக்குகளை மேலிருந்து சரிவாகப் போட்டோம். பின்பக்க வெல்வெட்டை எடுத்துவிட்டுச் சந்தன நிறக் காடாத் துணி கட்டினோம். பாய் கடையில் கொடிக்கயிற்றில் துண்டும் பனியனும் சின்னப் பையன் சட்டையும். ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடி வளையல்.

நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி மருந்து. கண்ணாடி இல்லாத கடை என்பதால், பெரியவர் வீட்டிலிருந்த பழைய கண்ணாடி பீரோவைக் கொண்டுவந்து தெருவைப் பார்த்து நிறுத்தினோம். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம், தனியா ஒவ்வொன்றும் ஒரு தட்டில். நடுவில் வெல்லமும் நெய்யும் தேனும். ஒவ்வொன்றின் பெயரையும் பெரியவரின் பேத்தி தடித்த எழுத்தில் எழுதி வைத்தாள். இதற்கு ஏறக்குறைய செலவே இல்லை.

வேலையை ஆயுத பூஜையோடு தொடங்கியது நல்ல வசதி. 2023-இல் அது அக்டோபர் 23. அன்றைக்கு எப்படியும் எல்லாக் கடையும் கழுவித் துடைத்து, ஷோகேஸ் காலியாகத்தான் இருக்கும். தீபாவளி நவம்பர் 12. நடுவில் கிடைத்த நாட்கள் போதுமானவை.

கீற்று வேண்டாம் என்றது

பாத்திரக் கடையில் அடுப்பங்கரை போல ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு உள்ளே ஹாலஜன் விளக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். பெரியவர் ஒரே வார்த்தையில் மறுத்தார். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டபத்தில் மின்சாரத்தால் பற்றிய தீ கீற்றுப் பந்தலில் பரவி, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த ஊரில் அதை மறந்தவர் இல்லை. கீற்று, வைக்கோல், தெர்மாகோல் எதுவும் விளக்குக்குப் பக்கத்தில் வராது, சூடாகும் விளக்கே வேண்டாம் என்று அங்கேயே முடிவானது. அப்புறம் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒவ்வொரு கடையின் அலங்கார இணைப்பையும் அந்தந்தக் கடையின் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வழியாக எடுக்கச் சொன்னோம். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு ஒயர் இழுப்பது தடை. விளக்கு கேட்ட தரைக்கடைகளுக்குச் சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கு வாங்கிக் கொடுத்தார்கள். ஈரத் தரையில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் ஜாயின்ட் போட்ட ஒயர் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நவம்பர் 4, சனிக்கிழமை

ஒன்றாம் தேதிச் சம்பளம் வந்து முதல் வார இறுதி. எல்லோரும் சேலைக் கடையில் கூட்டம் நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். நின்றது நாட்டு மருந்துக் கடையில். பிள்ளைகள் பெயர்களை உரக்கப் படித்தார்கள். பாட்டிகள் எது கண்டந்திப்பிலி, எது அரிசித் திப்பிலி என்று காட்டிக்கொடுத்தார்கள். தலை தீபாவளிக்கு மகளையும் மருமகனையும் எதிர்பார்த்திருந்த ஓர் அம்மா அளவு கேட்டு எழுதிக்கொண்டார். மாலை 7 மணிக்கு நடைவழி அடைத்துக்கொண்டது. தள்ளுமுள்ளு ஏற்படும் நிலை. பந்தோபஸ்தில் இருந்த காவலர் வந்து, ஒன்று விளக்கை அணையுங்கள், இல்லையென்றால் பீரோவை எடுங்கள் என்றார்.

அவர் சொன்னது நியாயம். அந்த நெரிசலில் ஒரு குழந்தை விழுந்திருந்தால் அலங்காரம் எதற்கு? உடனே விளக்கை அணைத்தோம். இரவு கடை கட்டிய பிறகு பீரோவைத் தெரு முகப்பிலிருந்து எடுத்து, கடைக்குள் இடப்பக்கச் சுவரோரம், தெருவிலிருந்து பார்த்தால் ஓரம் மட்டும் தெரியும்படி வைத்தோம். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு படி ஏறி உள்ளே வர வேண்டும். மறுநாள் தெருவில் அடைப்பு இல்லை. உள்ளே ஏறியவர்களில் பலர் மருந்துச் சாமான் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள். வாங்காதவர்களும் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பெரியவர் அதற்காக ஒரு பெஞ்சு போட்டார்.

மழை

ஐப்பசியில் மழை வராமல் இருக்குமா? அந்த வாரம் ஒரு மாலை கொட்டியது. பந்தலுக்குச் சரிவு கொடுத்திருந்தோம்; ஆனால் பாய் கடைக்கு முன்னால் கயிறு தளர்ந்து தார்ப்பாய் தொய்ந்து, தண்ணீர் தேங்கி, மொத்தமாகக் கீழே இருந்த தரைக்கடை மேல் இறங்கியது. கைக்குட்டை, சாக்ஸ் எல்லாம் நனைந்தன. அந்தத் தரைக்கடை அக்கா அழுதுவிட்டார். பாய் அவரைத் தன் கடைக்குள் அழைத்து உட்கார வைத்து, நனைந்த சரக்குக்கு என்ன ஆகும் என்று கேட்டு, "பந்தல் நம்மது, நட்டமும் நம்மதுதான்" என்று சொல்லி முதலில் தானே கொடுத்தார். பிறகு 4 கடைகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு கடை மறுத்தது. மின்சாரத்தில் பிரச்சினை எதுவும் வரவில்லை. பாத்திரக் கடையில் மட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்தது, வெளியே கட்டியிருந்த பழைய சீரியல் செட் ஒன்றில் கசிவு. அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. அந்த ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கசிவு யார் கையில் ஏறியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை.

பலன்

விற்பனை எவ்வளவு கூடியது என்று இங்கே எண் கொடுக்க மாட்டேன். அந்த வருடம் சம்பளத் தேதி, தீபாவளி, வார இறுதி மூன்றும் பொருந்தி வந்தன. எது அலங்காரத்தால், எது நாட்காட்டியால் என்று பிரிக்க வழியில்லை. கல்லாவில் "எதைப் பார்த்து உள்ள வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் கோடு போடச் சொல்லியிருந்தோம். கூட்ட நேரத்தில் அது நின்றுபோனது. கிடைத்த வரையில் சொல்கிறேன்.

நாட்டு மருந்துக் கடைக்கு ஐயமே இல்லாமல் பலன். சேலைக் கடையில், ஷோகேஸில் இருக்கும் அதே சேலையைக் காட்டுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் தொடர்ந்து இருந்தார்கள். சேலையை வாசலுக்கு எடுத்துப் போவதும் குறைந்தது. முதலாளி பிறகு கடை முழுவதும் விளக்கை மாற்றினார். கடிகாரக் கடையில் நின்று பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் வழக்கம்போல. பாய் கடைக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. கைலியும் பனியனும் வாங்குபவர் காட்சியைப் பார்த்து வாங்குவதில்லை என்று அவரே சொன்னார்.

ஃபேன்சி ஸ்டோர்க்காரருக்கு மனக்குறை. அவர் கடையில் இருக்கும் கிளிப்பும் ஜடை மாட்டியும் முன்னால் தரைக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மற்ற கடைகளுக்குத் துணையாக இருந்த தரைக்கடை அவருக்குப் போட்டி. அங்கே விற்காத கண்ணாடி வளையலை மட்டும் காட்சிக்கு வைத்தது ஓரளவு உதவியது, ஆனால் அவர் குறை தீரவில்லை. தீபாவளிக்குப் பிறகு அவர் கூட்டு முயற்சியிலிருந்து விலகினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பந்தல் குழாய்களைக் கழற்றி வைத்திருந்ததால், டிசம்பரில் அவற்றையே நட்டு கிறிஸ்துமஸ் ஸ்டார்கள் கட்டினார்கள். பாத்திரக் கடை ஷோகேஸ் பொங்கல் பானைக்கு மாறியது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பந்தல் தார்ப்பாயை ஒரே நீளமாக இல்லாமல், கடைக்கு ஒன்றாகத் தனித்தனியே, நடுவில் முதுகு உயர்ந்தபடி கட்ட வேண்டும். மழை மேகம் கட்டினால் யார் கயிற்றைப் பார்ப்பது என்று கடைக்கு ஒரு பையன் பெயர் எழுதி வைக்க வேண்டும். நட்டம் வந்தால் பங்கு எப்படி என்பதைப் பந்தல் போடும் முன்பே பேசிவிட வேண்டும். பாய் முன்வராமல் இருந்திருந்தால் அந்த அக்காவுக்கு யார் கொடுத்திருப்பார்கள்?

தரைக்கடைக்காரர்களை மூன்றாவது கூட்டத்துக்குத்தான் அழைத்தார்கள். முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். குடைக்குப் பதில் பந்தல் என்பது அவர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்தது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. எந்தக் கடைக்கு முன்னால் எந்தச் சரக்கு என்பதையும் அவர்களோடு உட்கார்ந்து பேசினால், ஃபேன்சி ஸ்டோர் முன்னால் கிளிப் விற்பவரும் பாய் கடை முன்னால் சாக்ஸ் விற்பவரும் இடம் மாறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மாறச் சொல்லி உத்தரவிடும் உரிமை கடைக்காரர்களுக்கு இல்லை, கேட்டுப் பார்க்கலாம்.

கூட்டத்தை நிறுத்தும் காட்சி எது என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஆகவே எந்தக் காட்சியையும் ஒரே இரவில் உள்ளே நகர்த்தும்படி, சக்கரம் வைத்த பலகையில் அமைக்க வேண்டும். பீரோவைத் தூக்க அன்று 5 பேர் வேண்டியிருந்தது.

நாட்காட்டியையும் கவனிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் பெரும்பாலும் 20 நாள் அளவுதான் கிடைக்கும், அது மாறாது. சம்பளத் தேதி மாறும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31-லேயே வந்தது, மாதக் கடைசி. அப்படிப்பட்ட வருடத்தில் கூட்டம் போனஸை ஒட்டி வேறு நாட்களில் வரும். காட்சி தயாராக இருக்க வேண்டிய நாளை அதை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.